படத்தைப் பாருங்கள், பெயரை எழுதுங்கள், கூலியைக் கொடுங்கள்
தமிழ்நாட்டு ஓவியர், சிற்பிகளின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசு, ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம், பத்திரிகை ஆசிரியர்கள், பதிப்பாளர்கள், காட்சிக்கூட உரிமையாளர்கள், விமர்சகர்கள், பொதுமக்கள்.

முன்னுரை

மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959-இல் நிறுவப்பட்டது. மே தினம் வந்தால் அதன் முன்னால் கொடியும் கூட்டமும் கூடும். பாறையை நெம்பும் அந்த நான்கு உருவங்களையும் வடித்தவர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நீண்டகாலம் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால் அதிகம். அரசு அலுவலகச் சுவரிலும் பள்ளிப் பாடநூலிலும் நாம் பார்த்து வளர்ந்த திருவள்ளுவர் முகத்தை வரைந்தவர் கே.ஆர். வேணுகோபால் சர்மா. வள்ளுவருக்கு இப்படித்தான் முகம் என்று ஏழு கோடிப் பேரை நம்பவைத்த கை அது. அந்தக் கைக்கும் அதே கதிதான்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டு, ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களைச் சொல்கிறது. யார் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தார் என்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கும் எழுதி வைக்கிறது. அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா, ஊர் ஊராகக் கொண்டுவரப்பட்டார்களா என்பது தனி வழக்கு. ஆனால் பெயர், வீடு, ஊதியம் மூன்றும் கல்லில் இருக்கின்றன. அதே கோயிலில் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில், சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காட்சியை வரைந்தவர்கள் யார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். படங்கள் கிடைத்தன, பெயர்கள் கிடைக்கவில்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து நாங்கள் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. ஆடல் மகளிருக்கு எழுதப்பட்ட கணக்கை எங்களுக்கும் எழுதுங்கள் என்கிறோம். அதோடு அந்தக் கல்வெட்டில் இல்லாத ஒன்றையும் கேட்கிறோம்: எங்கள் வேலையைப் பற்றிய நேர்மையான தீர்ப்பு.

விமர்சனத்தையும் கூலியையும் ஒரே தாளில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். இரண்டும் ஒரே வழக்கு என்பதே இந்தச் சாசனத்தின் வாதம். ஓவியத்தைப் பற்றிப் பொதுவில் பேச்சே இல்லாத ஊரில் விலையைத் தரகர் சொல்வார், விருதைச் சிபாரிசு தீர்மானிக்கும், கூலி என்பது கொடுப்பவரின் மனசைப் பொறுத்தது. வேலை நல்லதா, சுமாரா, போலியா என்று எழுதிவைக்க ஆள் இல்லாத தொழிலில் எல்லோரும் ‘கலைஞர்’தான். எல்லோருக்கும் பொன்னாடைதான், யாருக்கும் சம்பளம் கிடையாது.

‘நாங்கள்’ என்று இங்கே சொல்வது ஓவியக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்களை மட்டும் அல்ல. பத்திரிகைக்குப் படம் போடுபவர், புத்தக அட்டை வரைபவர், கோபுரத்தில் சுதை வேலை செய்பவர், கல் தச்சர், ஃபிளெக்ஸ் வந்ததும் தூரிகையைக் கீழே வைத்த பேனர் ஓவியர், பள்ளியில் ஓவியம் சொல்லித் தருபவர் எல்லோரும் இதில் அடக்கம்.

பகுதி ஒன்று: பார்வை

தமிழில் மற்ற கலைகளுக்கு விமர்சனம் உண்டு. சங்கீதத்துக்கு ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதினார். சுப்புடு முன்வரிசையில் உட்கார்ந்தால் வித்வான்களுக்கு வியர்க்கும் என்பார்கள். இலக்கியத்துக்கு க.நா.சு. இருந்தார், சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ தொடங்கினார். சினிமாவுக்கு விகடன் மார்க்கே போட்டது. ‘16 வயதினிலே’ 62.5 வாங்கியதை இன்றும் டீக்கடையில் சொல்கிறார்கள். ஓவியத்துக்கு எழுதியவர்களும் உண்டு. வெங்கட் சாமிநாதன், தேனுகா, இந்திரன், சி. மோகன் என்று விரல்விட்டு எண்ணலாம். ஆங்கிலத்தில் ஜோசப் ஜேம்ஸ் சென்னைச் சிற்பிகளைப் பற்றி 1993-இல் ஒரு நூலே கொண்டுவந்தார். ‘கசடதபற’ போன்ற சிறுபத்திரிகைகள் ஓவியர்களுக்குப் பக்கம் கொடுத்தன. ஆனால் இவையெல்லாம் தனி மனிதர்களின் கைக்காசிலும் பிடிவாதத்திலும் நடந்தவை. லட்சம் பேர் படிக்கும் எந்தத் தமிழ் இதழிலும் ஓவியத்துக்கென்று நிலையான பத்தி வேரூன்றவில்லை.

அந்த வெற்றிடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கண்காட்சித் திறப்புவிழாவில் பார்க்கலாம். குத்துவிளக்கு ஏற்றியாகிறது. சிறப்பு விருந்தினர் முதல் மூன்று படங்களை நடந்தபடியே பார்க்கிறார், நான்காவதின் முன்னால் திரும்பி நின்று கேமராவுக்குச் சிரிக்கிறார். பின்னால் மாட்டியிருக்கும் ஐந்தடிக் கித்தான் அவர் தோளுக்கு மேலே ஒரு சிவப்பு மூலையாகத் தெரிகிறது. நிருபர், “சார், பிரஸ் நோட் இருக்கா?” என்று கேட்டு வாங்கி, சமோசா சாப்பிட்டுக் கிளம்புகிறார். மறுநாள் செய்தியில் திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசியவர் எல்லோரும் வந்தபிறகு கடைசி வரியில் ஓவியர் வருகிறார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாலையில் வீட்டு அலங்கார நிபுணர் ஒருவர் வந்து, “இதே படம் நீலத்தில் கிடைக்குமா? சோபா நீலம்” என்கிறார். அன்று முழுக்க அந்தப் படத்தைக் குறித்து யாராவது சொன்ன ஒரே கருத்து அதுதான்.

ஆகவே கோருகிறோம்:

1. ஒவ்வொரு தமிழ் நாளிதழும் வார இதழும் மாதம் ஒரு பக்கமாவது ஓவியம், சிற்பம் பற்றிய விமர்சனத்துக்கு ஒதுக்க வேண்டும். திறப்புவிழாச் செய்தி இந்தக் கணக்கில் சேராது.

2. விமர்சகர் நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும். கைபேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்து எழுதுவது விமர்சனம் ஆகாது. ஆறடி உயரத் துணியும் அரையடித் தாளும் கைபேசித் திரையில் ஒரே அளவு. சாயம் தடித்து நிற்கிறதா, நீர்போல ஓடியிருக்கிறதா என்பது அங்கே தெரியாது.

3. முதலில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள், பிறகு தீர்ப்பு கூறுங்கள். எந்த அளவு, எந்த ஊடகம், எங்கே கோடு இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பதைச் சொல்லாமல் ‘நனவிலியின் படிமவெளி’ என்று தொடங்கும் வாக்கியத்தால் எங்களுக்கும் பயனில்லை, வாசகருக்கும் பயனில்லை. வேறொருவர் படத்துக்குக் கீழே வைத்தாலும் பொருந்துகிற வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

4. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். காரணத்தோடு திட்டியவர், காரணம் இல்லாமல் புகழ்ந்தவரைவிட எங்களுக்கு நெருக்கமானவர். பத்து ஆண்டுகளாக ஒரே நந்தியையும் ஒரே மாட்டுவண்டியையும் நிறம் மாற்றி விற்கிறார் என்றால், அதை அவர் முகத்துக்கு நேரே அச்சில் சொல்ல ஆள் வேண்டும்.

5. காட்சிக்கூடம் காசு கொடுத்து எழுதவைக்கும் கையேட்டு முன்னுரையையும் விமர்சனத்தையும் கலக்காதீர்கள். ஓவியரிடமிருந்து படத்தை அன்பளிப்பாக வாங்கிக்கொண்டு அவரைப் பற்றி எழுதாதீர்கள். வாங்கியிருந்தால் அதை எழுத்தில் சொல்லுங்கள்.

6. விமர்சகருக்கும் கூலி கொடுங்கள். பேருந்துக் கட்டணத்துக்கே காணாத தொகையைக் கொடுத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

7. படத்துக்குப் பதில் ஆளை விமர்சிக்காதீர்கள். ‘வறுமையிலும் சாதித்த ஓவியர்’, ‘குடும்பத்தையும் கலையையும் ஒருசேரக் கவனிக்கும் பெண் ஓவியர்’ என்ற தலைப்புகள் போதும். ஒருவருடைய சாதி, வறுமை, பாலினம் படத்துக்குள் இயங்கினால் அது எங்கே இயங்குகிறது என்று காட்டுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பகுதி இரண்டு: பெயர்

8. அச்சிடும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஓவியர் பெயர், ஊடகம், அளவு, ஆண்டு இருக்க வேண்டும். பக்கத்துக்கு அடங்கவில்லை என்று படத்தின் தலையையோ காலையோ வெட்டக் கூடாது. கதையின் நடுவில் ஒரு பத்தியை வெட்டினால் எழுத்தாளர் சும்மா இருப்பாரா?

9. புத்தக அட்டையில் ஓவியம் இருந்தால் பின்னட்டையிலோ உரிமைப் பக்கத்திலோ படிக்கிற அளவில் பெயர் வேண்டும். கே.எம். ஆதிமூலத்தின் கோடு இல்லாமல் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யை நினைத்துப் பார்க்க முடியாத ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. மணியத்தின் குந்தவையும் வந்தியத்தேவனும் இல்லாமல் ‘பொன்னியின் செல்வன்’ தமிழர் மனத்தில் இந்த உருவத்தோடு நின்றிருக்காது. அந்த நாவலை இன்று எத்தனையோ பதிப்பகங்கள் அச்சிடுகின்றன, ஓவியர் பெயரையும் கவனமாகப் போடுங்கள்.

10. கோயில் குடமுழுக்கு முடிந்ததும் பதிக்கும் சலவைக்கல்லில் அமைச்சர், அறங்காவலர், செயல் அலுவலர், உபயதாரர் என்று வரிசையாகப் பெயர் வருகிறது. ஸ்தபதி பெயரோடு, சாரத்தில் நின்று சுதையைத் தேய்த்தவர்கள், வர்ணம் தீட்டியவர்கள் பெயரும் அதில் வர வேண்டும். கல்லில் இடம் போதாது என்ற பதிலை ராஜராஜன் கல்வெட்டைப் படித்தவர்கள் ஏற்கமாட்டார்கள்.

11. செயற்கை நுண்ணறிவு கொண்டு செய்த படத்தை அட்டையிலோ இதழிலோ பயன்படுத்தினால் அதை அச்சில் சொல்ல வேண்டும். மறைந்த ஓவியர் ஒருவரின் பாணியில் இயந்திரத்தைக் கொண்டு வரையவைத்துவிட்டு, ‘வடிவமைப்பு: பதிப்பகத்தார்’ என்று போட்டுக்கொள்வது திருட்டு.

பகுதி மூன்று: கூலி

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-இல் உருவானது. கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் மானியத்துக்குக் காத்திருக்கவில்லை. பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டு இரண்டையும் தங்கள் கையாலேயே செய்தார்கள். ஓவியன் உழைக்கச் சோம்பல்படுபவன் என்ற பேச்சுக்கு அந்தக் கிராமமே பதில். உழைப்புக்கு நாங்கள் தயார். அதற்குக் காசு கொடுக்க மற்றவர்கள் தயாரா என்பதுதான் கேள்வி.

12. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் எந்தப் படமும் வாங்கக் கூடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர் ஆகிவிடுகிறார், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். வெளியிலிருந்து எழுதித்தரும் நாவலாசிரியருக்கு இந்த விதி கிடையாது, ஓவியருக்கு உண்டு. சாயங்காலம் கதையை அனுப்பி, “காலையில பத்து மணிக்குள்ள படம் வேணும் தம்பி” என்று கேட்டு வாங்கியது, ஐந்து ஆண்டு கழித்து நாட்காட்டியிலும் தேநீர்க் கோப்பையிலும் வருகிறது. எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை காலத்துக்கு, என்ன தொகை என்பதை முதலிலேயே எழுதுங்கள். அச்சு முடிந்ததும் மூலப்படத்தைத் திருப்பிக் கொடுங்கள். கூலிக்குப் பதிலாகப் புத்தகப் பிரதிகள் தருவதை நிறுத்துங்கள்.

13. அதே சட்டத்தின் 53ஏ பிரிவு, ஓவியரே முதல் உரிமையாளராக இருந்திருந்தால், மூலப்படம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அவருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு என்கிறது. உச்சவரம்பு 10 சதவீதம். சட்டத்தில் இருக்கும் இந்தப் பங்கு எந்த ஓவியர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது? மறுவிற்பனைகளைப் பதிவு செய்து, பங்கை வசூலித்து, குடும்பங்களுக்குச் சேர்க்க அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும்.

14. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய், வேலை வாரத்தில் மூன்று அரைநாள். ஊதியம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முழுநேர, நிரந்தர ஓவிய ஆசிரியர் பணியிடம் வேண்டும். ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்கக் கூடாது. படம் பார்க்கக் கற்ற பிள்ளைதான் நாளைக்கு விமர்சகர், வாசகர், வாங்குபவர்.

15. முதிய கலைஞர்களுக்கான உதவித்தொகை உரிமையாகக் கிடைக்க வேண்டும். எழுபது வயதுக்காரரை வருமானச் சான்றிதழுக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் அலுவலகம் அலுவலகமாக அலையவிடாதீர்கள். அவருடைய படங்களும் சிற்பங்களுமே சான்று.

பகுதி நான்கு: இடமும் பாதுகாப்பும்

டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் 140 அடி நீளத்தில் ஒரு வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்தார். 1957-இல் தொடங்கி 1962-இல் முடித்த வேலை. 1979-இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள், பாகங்கள் உடைந்தன, காணாமலும் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே ஒப்படைக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. அரசே வாங்கிய படைப்பானாலும் அதைச் சிதைக்க அரசுக்கு உரிமை இல்லை என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைக் கொண்டு நிறுவிய தீர்ப்பு அது. சிற்பம் அகற்றப்பட்டதிலிருந்து தீர்ப்பு வர 26 ஆண்டுகள்.

16. பொதுக் கட்டடங்களிலும் சாலையோரங்களிலும் உள்ள சிற்பம், சுவரோவியம் அனைத்துக்கும் பதிவேடு வேண்டும். இடம் மாற்றும் முன், வெள்ளையடிக்கும் முன், கலைஞருக்கோ குடும்பத்துக்கோ எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். கோயில்களில் மணல் வீச்சு முறையில் கல்லைச் சுரண்டுவதும், பழைய சுவரோவியத்தின் மேல் பெயின்ட் அடிப்பதும் எந்தப் பெயரிலும் நடக்கக் கூடாது. குறைந்த டெண்டர் எடுத்தவரிடம் நானூறு ஆண்டுச் சுவரை ஒப்படைக்காதீர்கள்.

17. பிரான்ஸ் 1951 முதல், பள்ளிக் கட்டடங்களில் தொடங்கி, பொதுக் கட்டடச் செலவில் 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கி வருகிறது. தமிழ்நாட்டிலும் புதிய மருத்துவமனை, பேருந்து நிலையம், மெட்ரோ நிலையம் ஒவ்வொன்றிலும் அதைச் செய்யலாம். தேர்வு திறந்த போட்டியாக நடக்கட்டும், தேர்வுக்குழுவின் காரணங்கள் அச்சில் வரட்டும்.

18. தேசிய நவீன ஓவியக் கூடம் டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் இருக்கிறது, சென்னையில் இல்லை. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி இருக்கும் ஊர் இது. மெட்ராஸ் கலை இயக்கத்துக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று தோன்றியபோதும் அதைச் சோழமண்டலத்து ஓவியர்கள் தாங்களேதான் அமைத்தார்கள். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து சென்னையில் ஒரு பொதுக் கூடம் அமைக்க வேண்டும். மதுரையிலும் கோவையிலும் நெல்லையிலும் குறைந்த வாடகைக்கு அரசுக் காட்சிக்கூடங்கள் வேண்டும்.

19. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மீது அவருடைய படங்களுக்காகப் போடப்பட்ட வழக்குகளை 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படியும் அவர் நாடு திரும்ப முடியாமல் 2010-இல் கத்தார் குடியுரிமை பெற்று, 2011-இல் லண்டனில் இறந்தார். ஒரு படம் யார் மனத்தையாவது புண்படுத்தியதாகப் புகார் வந்தால், காவல்துறை முதலில் பாதுகாப்பு தர வேண்டியது படத்துக்கும் ஓவியருக்கும். நீதிமன்றம் சொல்லாமல் எந்தப் படத்தையும் சுவரிலிருந்து இறக்கக் கூடாது. படத்தைப் பிடிக்காதவர் அதற்கு எதிராகக் கட்டுரை எழுதட்டும். முதல் பகுதியில் நாங்கள் கேட்ட பக்கம் அவருக்கும்தான்.

பகுதி ஐந்து: எங்கள் பொறுப்பு

கேட்பவர்களுக்கும் கடமை உண்டு. இந்தச் சாசனத்தில் கையெழுத்திடும் ஓவியர், சிற்பிகள் ஒப்புக்கொள்வது இவை.

பாதகமான விமர்சனம் வந்தால் ஆசிரியருக்குத் தொலைபேசி போட்டு மிரட்டமாட்டோம், விமர்சகரை விழாவுக்கு அழைக்காமல் விடமாட்டோம். பணம் கொடுத்துப் புகழ் வாங்கமாட்டோம். சக ஓவியரின் கண்காட்சிக்குத் திறப்பன்று மட்டும் போய்த் தலைகாட்டித் திரும்பாமல், ஆள் இல்லாத ஒரு பிற்பகலில் போய்ப் பார்த்து, தோன்றியதை அவரிடம் சொல்வோம். படத்தைப் பற்றி யாராவது கேட்டால் ‘அது உணர வேண்டியது’ என்று தப்பிக்காமல், தெரிந்த அளவு தமிழில் விளக்குவோம். ஒருவர் மறுத்த அடிமாட்டுக் கூலிக்கு அந்த வேலையை இன்னொருவர் எடுக்கமாட்டோம். விருதுக் குழுவில் உட்கார்ந்தால் நம் மாணவருக்கு நாமே ஓட்டுப் போடமாட்டோம்.

முடிவுரை

ஓவியர்கள் தெய்வீகப் பிறவிகள் என்று மேடையில் சொல்வதை நிறுத்துங்கள். தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம், எங்களுக்கு வேண்டும். நாங்கள் பாவப்பட்டவர்கள் என்று சொல்வதையும் நிறுத்துங்கள். தச்சர், கொத்தனார், வக்கீல், வாத்தியார் போல வேலை செய்பவர்கள் நாங்கள். வேலையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதும், செய்தவர் பெயரைக் குறிப்பதும், பேசிய கூலியைக் கொடுப்பதும் எல்லாத் தொழிலுக்கும் உள்ள நடைமுறை. எங்கள் தொழிலிலும் அது வர வேண்டும்.

இந்தச் சாசனத்தை ஏற்கும் பத்திரிகை ஆசிரியர் அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். பதிப்பாளர் அடுத்த அட்டைக்கு ஒப்பந்தம் எழுதட்டும். அதிகாரி தன் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை வரைந்தவர் யார் என்று விசாரித்து, கீழே பெயர் எழுதி ஒட்டட்டும். வாசகர் இந்த மாதம் ஒரு கண்காட்சிக்குப் போய், ஒரே ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிஷம் நிற்கட்டும். பெரும்பாலான கண்காட்சிகளுக்கு அனுமதி இலவசம்.